பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவள்

தம்பி,

கல்யாணத்துக்கு அப்புறம் குடியிருக்க ஈப்போவில் நீ பார்த்து வைத்திருக்கிற வாடகை வீட்டை நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் ஒரு சந்து. வீட்டுக்காரச் சீனர் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். நான் ஒவ்வொரு சுவராக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். அவருக்குப் பொறுக்கவில்லை. "பேய் இல்லலா, அம்மா" என்றார். "பேய் இருந்தா வாடகை கொறையுமே, அதான் தேடுறேன்" என்றேன். மனிதர் சிரிக்கவே இல்லை. உன் மாமனார் வீட்டாரோடு சம்பந்தம் வைத்திருக்கவேண்டிய ஆள், அவர்களும் சிரிக்கமாட்டார்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் தெரிகிற கதவை விட்டுவிட்டுத் தெரியாத கதவைத் தேடுவது என் பழக்கம். இதற்காக உன் அப்பா என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. ஆனால் அப்படி ஒரு கதவு இல்லையென்றால் நீ இல்லை. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பத்திரிகை வைக்க எல்லா வீட்டுக்கும் போய்விட்டோம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இன்னும் ஒரு வீடு பாக்கி. செமோரில் இருக்கிற வீராயி வீடு. நான் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், சரியாக நடக்கவில்லை. நீதான் போகவேண்டும். யார் அந்த வீராயி, நம் சொந்தத்திலேயே அப்படி ஒரு பெயர் இல்லையே என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவசரமாகப் படிக்காதே. சாப்பிட்டுவிட்டுப் படி.

நான் பிறந்து வளர்ந்தது ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் என்று உனக்குத் தெரியும். கீழே தகரப்பெட்டி செய்கிற சீனர் கடை, மேலே நாங்கள். அந்த வீட்டில் நீ பார்க்காத ஒன்று இருந்தது. தெருக்கதவுக்கு நேர் மேலே, மாடித் தரைப் பலகையில், ஒரு சாண் சதுரத்துக்கு ஒரு மூடி. அதைத் தூக்கினால் கீழே கதவைத் தட்டுகிறவர் தலை தெரியும். வந்திருப்பது திருடனா விருந்தாளியா என்று பார்த்துவிட்டுத் திறப்பதற்காக, கட்டும்போதே வைத்தது. என் அப்பாவுக்கு அது காவல். எனக்கு அது பள்ளிக்கூடம். வாடகை வாங்க வருகிறவர் தொப்பிமேல் ஒரு நாள் செத்த கரப்பானை நூலில் கட்டி இறக்கினேன். அவர் வாடகையை மறந்துவிட்டு ஓடினார். மறுநாள் ஞாபகத்தோடு வந்து என் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் குடும்பத்துக்கு இருந்தது ஒரே ஒரு அறை. அன்றைக்கு எனக்கு மட்டும் இன்னொரு அறை கிடைத்தது, கன்னத்தில்.

உன் அப்பாவை நான் முதலில் பார்த்ததும் அந்த ஓட்டை வழியாகத்தான். பெண் பார்க்க வந்த கூட்டம் மேலே ஏறிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் செருப்பைக் கழற்றிக்கொண்டு கீழே நின்றார். தகரக்கடைப் பூனை ஒன்று அவருடைய புது வேட்டிமேல் வந்து உரசியது. கீழே மண்ணும் கரியும். வேறு யாராக இருந்தாலும் காலால் தள்ளியிருப்பார்கள். இவர் குனிந்து அதன் காதைச் சொறிந்துவிட்டு, "போதுமா? நான் மேல போலாமா?" என்று உத்தரவு கேட்டார். நான் ஒரு வறுத்த கடலையை அவர் தலைமேல் போட்டேன். நிமிர்ந்து பார்த்தார். ஓட்டையில் என் ஒரு கண். கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல மேலே வந்து உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு ஆள் எதைப் பேசுகிறான் என்பதைவிட எதைப் பேசாமல் விடுகிறான் என்று பார்த்து வாழ்க்கைப்பட்டவள் நான். உன்னைக் கட்டப்போகிறவளும் ஏதாவது ஒரு சந்து வழியாக உன்னைப் பார்த்திருப்பாள், நினைவில் வைத்துக்கொள்.

அப்படித்தான் பதினாறு வயதில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். இப்போது இருப்பதுபோல் தனித்தனி வீடு அன்றைக்கு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் இன்னும் பழைய லயம்தான். ஒரு நீளமான பலகைக் கொட்டகை, நடுவில் ஒரே முதுகுச்சுவர். அதற்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை அறை, அந்தப் பக்கம் ஒரு வரிசை அறை. முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தவர்கள்போல இரண்டு வரிசைக் குடும்பங்கள். முன்வரிசையில் நம் ஆட்கள். பின்வரிசையில் நாம் தண்ணீர் புழங்காத ஆட்கள். குழாயடியில் நாம் பிடித்த பிறகு அவர்கள் பிடிக்கவேண்டும். அவர்கள் இருமினால் நமக்குக் கேட்கும், அவர்கள் வதக்குகிற கருவாடு நம் மூக்கில் ஏறும், அவர்கள் குழந்தை எப்போது தூங்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது. அரை அங்குலப் பலகை என்றாலும் அதற்கு அவ்வளவு மரியாதை.

வீட்டை ஆண்டது உன் அத்தை, அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். அவருக்குப் பிறந்தது எதுவும் தங்கவில்லை. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன், அவர் என்னை ஏதாவது ஒரு குற்றம் சொல்லிக் கூப்பிடுவார். சுத்தம், தீட்டு, யார் எங்கே நிற்கலாம், எதை எந்தக் கையால் எடுக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் சட்டம் இருந்தது. அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஊரிலிருந்து கப்பலில் அவர் கொண்டுவந்ததில் உடையாமல் வந்து சேர்ந்தது அந்தச் சட்டங்கள் மட்டும்தான்.

ஒரு நாள் மத்தியானம் எலியைத் துரத்திக்கொண்டு போய் மூலையில் உதைத்தேன். எலி தப்பித்தது, பலகை தப்பவில்லை. முதுகுச்சுவரின் அடிப்பலகை, நல்ல அகலமானது, ஆணி துருப்பிடித்து அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. குனிந்து பார்த்தால் ஒரு அடுப்பு, ஒரு சட்டி, சட்டியில் கிண்டுகிற ஒரு கை. என் வயதையும் என் புத்தியையும் நினைத்துப் பார். கையை நீட்டி அகப்பையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தது.

"யாரு அது? எலியா?"

"ஆமா, எலி."

"எலி தமிழ் பேசுமா?"

"தோட்டத்து எலி பேசும். டவுன் எலி இங்கிலீசும் பேசும்."

"அப்பிடியா. இங்கிலீசு எலி மொளகாய் திங்குமா?"

சொல்லி முடிப்பதற்குள் அரைத்த மிளகாயை என் விரலில் தடவிவிட்டாள். அன்று சாயங்காலம்வரை கையை ஊதிக்கொண்டு திரிந்தேன். அத்தை கேட்டார், அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றேன். அதுதான் வீராயி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். ரப்பர் மரம் சீவுவதில் நல்ல பால்வெட்டுக்காரி, வாயும் கத்திதான். அன்றிலிருந்து எனக்கு 'டவுனு' என்று பெயர் வைத்தாள். வெளியே குழாயடியில் பார்த்தால் முகம் தெரியாதவர்கள்போல் நிற்போம். உள்ளே வந்து பலகையைச் சாய்த்தால் பேச்சு நிற்காது. உப்பு போகும், புளி வரும். கங்காணி நடக்கிற நடையை அவள் தரையில் இரண்டு விரலால் நடந்து காட்டுவாள், நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன்.

உன் அப்பா கண்டுபிடித்துவிட்டார். ஒரு நாள் அந்த மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆணிகளின் தலையை மட்டும் வெட்டி, பழைய ஓட்டைகளில் பிசின் வைத்து ஒட்டினார். பார்க்கிறவருக்குப் பலகை இறுக அடித்திருப்பதுபோல் தெரியும், தொட்டால் சாயும். "தலை மட்டும் போதுமா?" என்றேன். "நம்ம கங்காணியப் பாரு, தலை மட்டுந்தான இருக்கு, தோட்டம் நடக்கலியா" என்றார். அவர் வாழ்க்கையில் அடித்த ஜோக்குகள் ரொம்பக் குறைவு. அதனால் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் நீ பிறந்தாய். நம் வழக்கப்படி அறையின் பின்மூலையில் ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டி, அதற்குள் என்னையும் உன்னையும் விட்டார்கள். தீட்டுக் கழிக்கிற நாள்வரை மருத்துவச்சியைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது, எங்களைத் தொடக்கூடாது. அத்தை சோற்றுத் தட்டைச் சேலைக்கு அடியில் தள்ளுவார். அந்த மூலை எந்த மூலை என்று சொல்லவேண்டுமா? பலகை இருந்த மூலைதான்.

எனக்குக் காய்ச்சல் வந்தது, பால் ஊறவில்லை. அத்தை செய்யாததில்லை. பால் சுறாக் கருவாடு எங்கிருந்தோ வரவழைத்துப் புட்டு வைத்தார், பூண்டை வதக்கித் தந்தார், பச்சிலை அரைத்துப் பற்றுப் போடச் சொன்னார். பெயரில்தான் சுறாவுக்குப் பால், எனக்கு ஒரு சொட்டு இல்லை. தோட்டம் முழுக்கப் பால், மரத்துக்கு மரம் கட்டின மங்குக் கிண்ணம் நிறைய வடிகிறது, நீ குடிக்கிற பால் மட்டும் எங்கேயும் இல்லை. டின் பாலைக் கரைத்துக் கொடுத்தோம். உன் வயிறு ஏற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. முதலில் வீறிட்டு அழுதாய். பிறகு முனகினாய். பிறகு முனகவும் இல்லை. நீ அழாமல் படுத்திருந்த அந்தக் காலையில்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. சேலைக்கு வெளியே அத்தை சாமியிடம் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. என்னைக் குற்றம் சொல்கிற குரல்தான், ஆனால் உடைந்து போயிருந்தது. "இதையும் எடுத்துக்காத. ஒண்ணாவது விடு" என்றார்.

எல்லோரும் வேலைக்குப் போனதும் பலகையைச் சாய்த்தேன். வீராயியின் மகள் பொன்னி அப்போதுதான் தவழ்கிற குழந்தை. காலையில் மரம் வெட்டி முடித்து, பால் வடிந்து மங்கு நிறைகிறவரை ஆட்களுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவார்கள். வீராயி பொன்னிக்குப் பால் கொடுக்க லயத்துக்கு ஓடிவருவாள். அவள் வருகிற சத்தம் கேட்டதும் கூப்பிட்டேன். உன்னைத் துணியோடு தூக்கி ஓட்டையில் வைத்தேன்.

அவள் உடனே வாங்கவில்லை. "டவுனு, ஒங்க வீட்டுல தெரிஞ்சா உன்னைய வெட்டிப் போடுவாங்க. என்னைய அதுக்கு முன்னாடியே" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

"உனக்கு?"

"எனக்கு என்ன?"

"ஒனக்கு ஒண்ணும் இல்லியா? நாளைக்கு இவன் வளந்து நிப்பான். அப்ப என்னையப் பாத்தா மொகத்தத் திருப்பிக்க மாட்டியே?"

நான் தலையை ஆட்டினேன். அவள் உன்னை வாங்கிக்கொண்டாள். ஒரு பக்கம் பொன்னி, ஒரு பக்கம் நீ. முதலில் உனக்கு உறிஞ்சவே தெம்பு இல்லை. அவள் விரலால் உன் உதட்டை நனைத்து நனைத்துக் காத்திருந்தாள். அவளுடைய மரங்களில் மங்கு நிறைந்து வழியும் நேரம் தாண்டிவிட்டது, கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. நீ ஒரு மடக்கு விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. தம்பி, உன் பள்ளிக்கூடப் பரிசு, உன் உத்தியோகம், எல்லாம் பார்த்துவிட்டேன். அந்த ஒரு மடக்குக்கு இணையாக எதுவும் இல்லை.

அதன் பிறகு அது தினமும் நடந்தது. காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போவதற்கு முன், வெட்டுக்கு நடுவில், சாயங்காலம். சாயங்காலம்தான் ஆபத்து, அத்தை முன்பக்கம் அடுப்பில் இருப்பார். அந்த நேரத்தில் உன் அப்பா வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கல்லில் தேய்க்க ஆரம்பிப்பார், நீ சப்புகிற சத்தம் கேட்காமல் இருக்க. உள்ளே தீட்டு, வெளியே தீட்டு. அந்தத் தோட்டத்திலேயே அவ்வளவு கூரான கத்தி யாரிடமும் இருந்திருக்காது. அத்தைகூட ஒரு நாள், "எத்தன தடவதான் தீட்டுவ, கத்தி கரைஞ்சிறப் போவுது" என்றார். யாரும் என்னைத் தொடக்கூடாது என்று அவர் போட்ட சட்டம்தான் எங்களை மறைத்து வைத்திருந்தது. அவர் கட்டிய சேலை எனக்குச் சுவரானது, அவர் விலகி நின்றதால் எனக்கு ஒரு ரகசிய அறை கிடைத்தது.

தீட்டுக் கழிக்கிற நாள் நெருங்கியது. அன்றைக்குச் சேலையை அவிழ்ப்பார்கள், அறையைக் கழுவுவார்கள், உன்னை அத்தை மடியில் போடுவார்கள். அப்புறம் அவர் உன்னைக் கீழே விடமாட்டார். நீ அப்போதுதான் கன்னம் வைக்க ஆரம்பித்திருந்தாய், திரும்பவும் டின் பாலா? எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு. அம்மை போட்டுவிட்டால்? வீட்டில் அம்மா இறங்கியிருக்கிறாள் என்றால் யாரும் கிட்டே வரமாட்டார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் சொல்லவும் மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்விடுவார்கள் என்ற பயத்தில் எல்லா வீட்டிலும் மறைப்பார்கள். வீராயி வெற்றிலையும் சுண்ணாம்பும் மென்று, சாற்றை விரலில் தொட்டு, ஓட்டை வழியாகக் கையை விட்டு என் கன்னத்திலும் நெற்றியிலும் ஒவ்வொரு பொட்டாக வைத்தாள். "ஆடாத டவுனு, மூக்குல ஒண்ணு வச்சாத்தான் அழகு" என்றாள். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். உன்னை அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு, நான் சேலையைக் கொஞ்சம் விலக்கி முகத்தைக் காட்டி, "அண்ணி, என்னமோ பொரிப் பொரியா வந்திருக்கு" என்று முனகினேன். அத்தை கையில் இருந்த விளக்கைத் தூக்கிப் பார்த்தார். திட்டுவார், பதறுவார் என்றுதான் நினைத்தேன். அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் விழுந்து என்னைக் கும்பிட்டார். "தாயே, வந்திருக்கியா" என்றார். என்னை ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிடாதவர். என் சிரிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போனது.

எழுந்து, இரண்டு கையையும் சேலைக்கு அடியில் நீட்டினார். "புள்ளயக் குடு" என்றார்.

நான் யோசிக்காமல் விட்டது அதுதான். அம்மை போட்டவளிடம் யாராவது பச்சைப்பிள்ளையை விட்டுவைப்பார்களா?

"வேணாம் அண்ணி. தீட்டு."

"தீட்டு என்ன தீட்டு. நான் குளிச்சுக்கறேன். அவன் மேல எறங்கிறப்போறா, குடு."

சட்டம் பேசுகிறவர் சட்டத்தைத் தாண்டி நீட்டிய கை அது. அந்தக் கையில் வைக்க என்னிடம் நீ இல்லை. அப்பா அன்றைக்குப் பார்த்து வாசலில் இல்லை, கல்லும் கத்தியும் சும்மா கிடந்தன. நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ ஒரு ஏப்பம் விட்டாய். குழந்தை ஏப்பம் மாதிரியே இல்லை, கிடாவெட்டில் இரண்டு பந்தி சாப்பிட்ட கங்காணி ஏப்பம். அதைத் தொடர்ந்து வீராயி உன் முதுகில் தட்டுகிற சத்தம், "ம்… ம்…" என்று அவள் குரல். இந்தப் பக்கம் நடப்பது அவளுக்குத் தெரியவில்லை, அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏப்பம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாமல் போக, நம் அறை அவ்வளவு பெரியதும் இல்லை.

அத்தையின் கைகள் சேலைக்கு அடியில் அப்படியே இருந்தன. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவை மெல்ல உள்ளங்கையை மூடிக்கொண்டு பின்னால் போயின.

"சாப்ட்டானா?" என்றார்.

"சாப்ட்டான், அண்ணி."

"வயிறு நெறஞ்சுதா?"

"நெறஞ்சிருச்சு."

"அப்ப அங்கயே இருக்கட்டும்" என்றார்.

போய் வாசலில் வேப்பிலையைக் கட்டிவிட்டு அதற்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டார். எட்டிப் பார்க்க வந்த பெண்களை, "அம்மா வந்திருக்கா, யாரும் வரப்படாது" என்று திருப்பி அனுப்பினார். உள்ளே எந்த அம்மா வந்துபோகிறாள் என்று தெரிந்தே சொன்னார். மறுநாள் சேலைக்கு அடியில் தட்டு வந்தது. பால் சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, சோறு. இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு. நான் பாதியைப் பிரித்துப் பலகைக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். வீராயி, "ஒங்கண்ணிக்குக் கை தாராளமாயிருச்சே, என்ன சங்கதி?" என்றாள். நான் சொன்னேன். அவள் ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றாள்.

நீ சோறு தின்னும்வரை அப்படியே நடந்தது. பிறகு தோட்டத்தில் புது வீடுகள் கட்டினார்கள், பழைய லயத்தைப் பிரித்தார்கள், வீராயிக்குக் கடைசியில் எங்கோ வீடு. ஜப்பான்காரன் வந்தான், போனான், ஆட்கள் சிதறினார்கள். அத்தை சாகும்வரை வீராயியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச விடவும் இல்லை. உன்னிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்லாமல் இருந்தேன். முதலில் உன் நல்லதுக்கு, பிறகு பழக்கத்துக்கு.

போன வாரம் செமோர் போனேன். வீராயி இப்போது மகள் பொன்னியோடு இருக்கிறாள். தலை வெளுத்துவிட்டது, வாய் அப்படியே இருக்கிறது. "என்ன டவுனு, பல்லு போச்சா, சிரிச்சு சிரிச்சு கொட்டிருச்சா?" என்றுதான் வரவேற்றாள். பத்திரிகைத் தட்டை வைத்து, "கல்யாணத்துக்கு வா, மொத வரிசையில உக்காரு" என்றேன்.

"வரேன்லா. வராம இருப்பனா? பின்னால சமையல் ஆளுங்களோட நின்னு பாத்துட்டு, சோறு தின்னுட்டுப் போயிருவேன்."

"முன்னால வா."

"பொண்ணு வீட்டு பாரிட் புந்தார்க்காரங்க ஆச்சாரமானவங்கன்னு நீதான சொன்ன? புள்ள கல்யாணத்துல என்னால ஒரு பேச்சு வேணாம். எனக்கு ஓட்டை போதும்டி. அது வழியாவே பாத்துப் பழகிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அது உறைத்தது. மறைவான கதவைக் கண்டுபிடித்தது நான் என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது உன் உயிரைக் காப்பாற்றியது நிஜம். ஆனால் அந்த வழியாகப் பால் வந்தது, சோறு போனது, சிரிப்பு போனது வந்தது. மரியாதை மட்டும் போகவே இல்லை. அது அந்த ஓட்டையில் நுழைகிற சாமான் இல்லைபோல் இருக்கிறது. அதை எழுந்து நின்று, நாலு பேர் பார்க்கத்தான் கொடுக்கமுடியும். நீ கட்டப்போகிற பெண்ணுக்கு உன் வீட்டில் அவளுக்கென்று ஒரு மூலையை விடு. அதற்குள் அவள் எதை வைத்திருக்கிறாள் என்று தோண்டாதே. ஆனால் ஒரு ஆளையே மறைத்து வைக்கிற மூலை எதுவும் உன் வீட்டில் வேண்டாம்.

அதனால் நீ செமோர் போ. முதலில் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவள் வருகிறேன் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு போ. வரவில்லையென்றால் கட்டாயப்படுத்தாதே, ஆனால் நீ போ. அவள் அப்பா அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்பாய். உள்ளது உள்ளபடி சொல். அவர்கள் முகம் சுளிக்கலாம், கல்யாணமே தடுமாறலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அது உன் கல்யாணம், நஷ்டம் வந்தாலும் உனக்குத்தான் வரும். நாள் இருக்கும்போதே எழுதுவது அதனால்தான். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செமோருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று காலையிலேயே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

உன்னைப் பார்த்ததும் வீராயி திட்டுவாள், கிண்டல் செய்வாள், வரமாட்டேன் என்பாள். கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதே. "அம்மா அனுப்பினா" என்றும் சொல்லாதே, அது நான் போனதுபோலவே ஆகிவிடும். நீயாக வந்தாய் என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

தாலி கட்டி முடிந்ததும் பால் பழம் கொடுக்க மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிடுவார்கள். நான் எழுந்திருக்கமாட்டேன். சபையில் ஒரு சலசலப்பு வரும், எனக்கு அதெல்லாம் பழக்கம். அப்போது யாராவது உன்னைப் பார்த்து, "அம்மா எங்கப்பா?" என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் கை காட்டவேண்டும் என்று உனக்கு இப்போது தெரியும். நீ காட்டுகிறவரை அந்தப் பால் டம்ளர் தட்டிலேயே இருக்கும். ஆறிப்போனாலும் சரி, ஆடை படிந்தாலும் சரி, நான் தொடமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்